சொறியாத கை

மைத்துனனுக்கு ராசிக்கைக்காரர் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். உடைந்த காலுக்குத் தகடு வைக்க, ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்க்க மைத்துனன் அவர் கையில் வைத்த பணம். வட்டி வேண்டாம் என்று மைத்துனன் பெரிய மனசோடு சொல்லியிருந்தான். வட்டியில்லாக் கடனைப் போலக் கொடுமை உலகத்தில் வேறு கிடையாது. வட்டிக்குக் கொடுத்தவன் மாதம் ஒருமுறைதான் கேட்பான். சும்மா கொடுத்தவன் பார்க்கும்போதெல்லாம் கேட்பான், வாயைத் திறக்காமலே கேட்பான்.

ராசிக்கைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். வேலைக்கு நேர்முகம் போகிறவன், வழக்குக்குப் போகிறவன், கல்யாண மாப்பிள்ளை எல்லாரும் அவர் கையால் முடி வெட்டிக்கொண்டால் காரியம் கைகூடும் என்று நம்பினார்கள். அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தாண்டாவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று? படித்த தலையெல்லாம் அவருக்கு முன்னால்தான் குனிந்தது. 'குனிங்க' என்றால் வக்கீல் குனிவார். 'நிமிருங்க' என்றால் டாக்டர் நிமிர்வார். ஒரு சீப்பும் ஒரு சவரக்கத்தியும் கொண்டு பிழைக்க வந்து, இரண்டு அறை வீடு கட்டி, மகளைக் கரையேற்றியவர். இதில் ஒருத்தன் தயவும் இல்லை. மைத்துனன் நான்கு நாற்காலி போட்டுக் கடை திறந்தபோது, சன்னலை ஒட்டிய முதல் நாற்காலியை யாரும் கொடுக்கக் காத்திராமல் அவரே போய் எடுத்துக்கொண்டார்.

சாலையைக் கடந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. எலும்பு கூடியது, புண் கூடவில்லை. எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். "ஆறு மாசம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. நடுவுல விட்டீங்கன்னா முழங்காலுக்குக் கீழ உங்களுது இல்ல."

மாத்திரை காலைக் காத்தது. தோலைப் பிடித்துக்கொண்டது.

முதலில் உள்ளங்கையில் ஒரு நமைச்சல். பணம் வரப்போகிறது என்று சிரித்துக்கொண்டார். அப்புறம் முழங்கை மடிப்பு, இடுப்பு, முதுகில் கை எட்டாத இடம். வலி என்றால் பல்லைக் கடிக்கலாம், நாலு பேரிடம் சொல்லி மரியாதை வாங்கலாம். அரிப்புக்கு மரியாதை ஏது? வலிக்கிறவனைப் பார்த்து 'ஐயோ' என்கிறவன், சொறிகிறவனைப் பார்த்து 'சீ' என்பான்.

ஒரு நாள் வக்கீல் ஒருவர் கழுத்தை நீட்டிச் சாய்ந்திருந்தார். கத்தி தொண்டைக் குழியில் இருந்தபோது ராசிக்கைக்காரரின் மணிக்கட்டில் நமைச்சல் எடுத்தது. மூச்சைப் பிடித்தார். நாக்கைக் கடித்தார். முடியவில்லை. கத்தியைத் தூக்கிவிட்டு, பரட் பரட்டென்று சொறிந்தார். கறுப்புத் துணியின் மேல் வெள்ளைச் செதில் உதிர்ந்தது. வக்கீல் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னய்யா இது, தொத்து வியாதியா?"

"இல்லீங்க, மாத்திரை வேகம். தொத்தாது."

"தொத்துனா யாரு மேல கேஸ் போடறது?" என்று எழுந்த வக்கீல், ஒரு கன்னத்தில் நுரையோடு தெருவில் நடந்தார். கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

இரண்டாம் நாற்காலியில் முடி வெட்டுகிறவன் சிரித்தான். "அண்ணே, கிதார் நல்லா வாசிக்கிறீங்க. பாட்டு எப்போ?"

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் தோலோடு பழகியவன் தோலைப் பற்றி இன்னொருத்தனைக் கேட்பதா? அவர் தொழிலில் கத்தி கீறினால் படிகாரம், முகம் எரிந்தால் சவர லோஷன். முகத்துக்கு ஆவது முதுகுக்கு ஆகாதா? படிகாரக் கட்டியை நனைத்து உடம்பெல்லாம் தேய்த்தார். மேலே லோஷனைக் கவிழ்த்தார். ஒரு நிமிடம் சொர்க்கம். அப்புறம் நெருப்பு. நெருப்பை அணைக்க மறுபடியும் லோஷன். வாரம் திரும்புவதற்குள் தோல் வற்றிய குளம் போல வெடித்துக் கிடந்தது.

மைத்துனன் குரலை உயர்த்தவே இல்லை. அவன் கொடுமையெல்லாம் மரியாதைக்குள்தான் இருக்கும்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. நாலு பேரு வந்து போற இடம். கொஞ்ச நாளைக்கு உங்க நாற்காலிய ரெண்டாம் நாற்காலிக்காரன் பாத்துக்கட்டும். நீங்க பின்னால துண்டு துவைங்க, முடியக் கூட்டுங்க. சும்மா உக்காந்து சாப்பிடற மாதிரி உங்களுக்கும் சங்கடமா இருக்காது."

"இந்தக் கடைக்கு ஆளுங்க என் கைக்காகத்தான் வந்தாங்க, மாப்ளே."

"வந்தாங்க அத்தான். யாரு இல்லேன்னா?"

சம்பளம் பாதியாயிற்று. தேநீர் டம்ளர் தனியாயிற்று. சோப்பு நீரில் ஊறிய கை எரிந்தது. கூட்டும்போது பறந்த மயிர்த்துணுக்கு ஒவ்வொன்றும் வெடிப்பில் ஊசியாக ஏறியது. அடிமையைச் சவுக்கால் அடித்தவனுக்கு இந்த வித்தை தெரியாமல் போயிற்று.

அதையும் பார்த்துவிட்டு மைத்துனனே வழி சொன்னான். "காலுதான் தேறிடுச்சே. அந்தக் கருமாந்தர மாத்திரைய நிறுத்திப் பாருங்களேன். அரிப்பு போச்சுன்னா நாற்காலி உங்களுதுதான்."

நிறுத்தினார். நாலைந்து நாளில் அரிப்பு அடங்கியது. முதல் நாற்காலி திரும்பக் கிடைத்தது. "பாத்தியாடா, சிங்கம் குகைக்குத் திரும்பிடுச்சு" என்று இரண்டாம் நாற்காலிக்காரனிடம் மார்தட்டினார். மாதம் முடியவில்லை, கால் கனத்தது. தழும்பு சிவந்து வாய் திறந்தது. வாசனைத் தெளிப்பானை மைத்துனன் கடை முழுக்க அடித்தும் சீழ் நாற்றம் போகவில்லை.

வீட்டில் காலில் போட்ட கட்டை அவிழ்த்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"உன் தம்பிதான்..."

"என் தம்பி கிணத்துல குதின்னா குதிப்பீங்களா? அதுவும் இந்தக் கால வெச்சுக்கிட்டு?"

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கீறிச் சுரண்டினார்கள். ரத்தம் சோதித்தார்கள். மாத்திரை முதல் நாளிலிருந்து, ஆறு மாதமும் புதிதாக. இன்னொரு தடவை விட்டால் ரம்பம்தான் என்றார் டாக்டர்.

கட்டுப் போட்ட நர்ஸம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு என்ன போட்டீங்க?"

"படிகாரம். அதுக்கு மேல சவர லோஷன்."

"படிகாரம் போட்டுத்தான் ஆட்டுத் தோல பதம் பண்றாங்க. என்ன, உங்கள பையாத் தைக்கப் போறாங்களா?" வார்டே சிரித்தது. அவருக்குத் தலை உயரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தர் அவரைக் குனிய வைத்தார்.

சிரித்து முடித்தவள் வழியும் சொன்னாள். "ஈரல் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சு. தடிப்பு இல்ல, உதடு வீங்கல, மூச்சு முட்டல. அதனால இது தொல்லைதான், ஆபத்தில்ல. இதுல ஏதாச்சும் வந்தா, கண்ணு மஞ்சளானா, அப்பவே ஓடி வாங்க. மாத்திரைய நிறுத்தறதா வேணாமான்னு நாங்க சொல்வோம், உங்க வீட்டம்மா சொன்ன அந்த மச்சான் இல்ல. வெந்நீர் வேணாம், வெதுவெதுன்னு ஊத்துங்க. தேய்க்காம துண்டால ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள வாசனையில்லாத வாசலின் பூசுங்க. நகத்த ஒட்ட வெட்டுங்க. பருத்திச் சட்டை போடுங்க. டாக்டர் எழுதின அரிப்பு மாத்திரைய ராத்திரி போடுங்க, தூக்கம் வரும். ரொம்ப நமைச்சா ஈரத்துணிய வெச்சு அழுத்துங்க, சொறியாதீங்க."

"சொறியாம எப்படிம்மா இருக்கறது?"

"அடுத்தவன் தொண்டையில கத்திய வெச்சுக்கிட்டு ஆடாம நிக்கத் தெரிஞ்ச மனுஷன் நீங்க. என்னைக் கேக்கறீங்களே!"

அந்த ஒரு வார்த்தை மருந்துக்கு மேல் வேலை செய்தது.

கடைக்குப் போனார். மாத்திரை திரும்பத் தொடங்கியதைக் கேட்டதும் மைத்துனன் பின்கட்டைக் காட்டினான். "அப்போ துண்டு ஊறுது அத்தான்." அவர் துண்டைத் தொடவில்லை. தன் கத்தரி, சீப்பு, கத்தியை மட்டும் துணியில் சுருட்டிக்கொண்டார்.

"கணக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. மறந்துட மாட்டீங்களே?" என்றான் மைத்துனன்.

"நீ மறக்க விடுவியா?"

படுக்கையில் கிடப்பவர்களுக்கும் முடி வளர்கிறது என்பது நான்கு நாற்காலி போட்ட மைத்துனனுக்குத் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியது. நொண்டிக்கொண்டே வீடு வீடாகப் போனார். சில வீட்டில் கையைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மருமகள், "தலையத் தொடாம வெட்ட முடியுமா?" என்று கேட்டாள். "முடியும்மா, தலைய இறக்கி வெளிய அனுப்புங்க" என்றார். உள்ளே படுக்கைப்புண்ணோடு கிடந்த அவள் மாமனார், பழைய லாரி முதலாளி, குலுங்கிச் சிரித்தார். "உள்ள வாய்யா. நானும் நாத்தம், நீயும் சொறி. யாரு யாரப் பாத்து மூக்கப் பிடிக்கறது?" அங்கே தொடங்கியது பிழைப்பு. ஒரு படுக்கை இன்னொரு படுக்கைக்குச் சொல்லி அனுப்பியது. அரிப்பு எடுத்தால் கத்தியைக் கீழே வைப்பார், பையிலிருந்த ஈரத்துணியை மணிக்கட்டில் அழுத்துவார், பல்லைக் கடித்து நிற்பார், மறுபடியும் எடுப்பார். அந்த ஆறு மாதத்தில் சில முகங்கள் அடுத்த முறை போவதற்குள் போய்விட்டன. கடைசிச் சவரத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ராசிக்கை என்று யாரும் சொல்லவில்லை. கூலி மட்டும் ஒழுங்காக வந்தது.

மாத்திரை முடிய ஒரு வாரம் இருந்தது. கால் மூடிவிட்டது. கை மட்டும் இன்னும் பாம்புச் சட்டை போல உரிந்துகொண்டிருந்தது. கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்தார். நான்கு நாற்காலியும் நிறைந்திருந்தன. மடியிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தார்.

மைத்துனன் பார்வை நோட்டுக்குப் போய், நோட்டைப் பிடித்த விரலுக்குப் போய், அங்கேயே நின்றது. "வாங்க அத்தான்! எதுக்கு அவசரம்? அங்க மேசை மேல வெச்சிட்டுப் போங்க, அப்புறம் எண்ணிக்கிறேன்."

"கைய நீட்டு மாப்ளே."

"மேசையிலயே..."

"நீ எனக்குக் கையிலதானே குடுத்தே? நாலு பேரு பாக்கக் குடுத்தே. நாலு பேரு பாக்க வாங்கிக்க."

கத்தரிச் சத்தம் நின்றது. எல்லாக் கண்ணாடியிலும் எல்லா முகமும் திரும்பின. மைத்துனன் இரண்டு விரலை நீட்டினான்.

"முழுக் கை."

கை விரிந்தது. ராசிக்கைக்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைத்தார். முதல் நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, விரலால் நன்றாக அழுத்தினார். மறுபடியும் நாக்கு, மறுபடியும் நோட்டு, மறுபடியும் அழுத்தம். செதில் அவன் சட்டைக் கைமடிப்பில் உதிர்ந்தது. கையை இழுத்தால் பணம் சிதறும், நீட்டியே வைத்திருந்தால் உடம்பு கூசும். மைத்துனன் முகம் படிகாரத்தைக் கடித்தவன் முகமானது. சின்ன நோட்டாகத்தான் மாற்றிக் கொண்டுவந்திருந்தார். அவசரமே படாமல், சத்தமாக, ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பதாயிரத்தின் கடைசி நோட்டையும் அந்தக் கையில் வைத்து அழுத்தினார்.