மேசைக்குக் கீழே

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊனமுற்றோர் பிரிவைப் பார்த்துக்கொண்டு முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். என் இடது காலில் போலியோ. பேன்ட்டுக்குள் காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர். எந்த அரசாணையில் எந்தப் பத்தி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவை எதுவும் தனியார் முதலாளியிடம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தொண்ணூறுகளில் அரசு வேலை வற்றிப்போனது. நன்றாக நடக்கக்கூடியவர்கள் துபாய்க்கும் திருப்பூருக்கும் கிளம்பினார்கள். மற்றவர்கள் என் மேசைக்கு வந்து பதிவைப் புதுப்பித்தார்கள். முத்திரை குத்திக் குத்தி எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. எந்த விதியிலும் இல்லாத வேலையொன்றைத் தொடங்கினேன்: கடைகடையாக ஏறி அவர்களுக்காக வேலை கேட்பது.

கூத்தாநல்லூரில், குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர் கேபிள் டிவி நடத்தினார். உள்ளூர்ச் செய்தி வாசிக்க ஆள் தேடினார். என் பதிவேட்டில் தமிழ் எம்.ஏ. படித்த பெண் இருந்தாள். கக்கத்தில் இரண்டு கட்டைகள் வைத்து நடப்பாள். அவருடைய மாடி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். பதினேழு படி.

“குரல் அருமையாத்தான் இருக்கு சார்,” என்றார் முதலாளி. “ஆனா ஜனங்க சாப்பிடுற நேரத்துல பார்க்குறது. கட்டையைப் பார்த்தா மனசு கஷ்டப்படும்ல?”

“பாய், கேமரா மேசைக்கு மேலதானே பார்க்கும்? கட்டையைக் கதவுக்குப் பின்னால வச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். என் வாதத்தை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் பேசினாள்.

“சார், ஆபீஸ் குரூப் போட்டோவுல நீங்க எங்க நிப்பீங்க?”

நான் நிற்பதில்லை. எல்லாப் படத்திலும் முன்வரிசை நாற்காலியில், மடியில் ஃபைலோடு இருப்பேன்.

“கட்டை கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும் சார். நடுவுல கரெண்டு போனா யாரு எடுத்துத் தருவா? மேசையில சாய்ச்சு வைப்பேன். தெரிஞ்சா தெரியட்டும். அவருக்கு ஆவாதுன்னா வேலை வேண்டாம்.”

மறுபடி பதினேழு படி. என் வாதத்தை நானே வாபஸ் வாங்கினேன்.

“ஒரு நாள் பார்ப்போம்,” என்றார் அவர். “யாராச்சும் போன் போட்டுக் குறை சொன்னா நிறுத்திடுவேன். அப்புறம் நீங்க வந்து சட்டம் பேசப்படாது.”

மேட்டூர் அணை திறந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்ட சமயம் அது. எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று அவள் வாசித்தாள். கட்டைகள் மேசையில் சாய்ந்து, திரையில் பாதி தெரிந்தன. நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது ஓயாமல் அடித்தது. முதலாளி ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கள் வாய்க்காலுக்கு உண்டா, இல்லையா? வெண்ணாற்றுக்கு என்றைக்கு? பட்டியலை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசி அழைப்பைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“கட்டை பத்தித்தான். நீங்களே பேசுங்க.”

வாங்கிக் காதில் வைத்தேன்.

“சார், அந்தப் பொண்ணு வச்சிருக்கிற கட்டை எங்க கிடைக்கும்? எங்க அத்தா இடுப்பு ஒடிஞ்சு கெடக்குறாரு.”

எந்தப் படிவம், எந்த டாக்டர் கையெழுத்து என்று சொன்னேன். முதலாளி உள்ளே போய், “நாளைக்கும் வந்துரும்மா, பட்டியலை மட்டும் கொஞ்சம் நிதானமா வாசி,” என்றார்.

நான் ஓய்வுபெற்ற நாளில் படம் எடுக்க நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று நின்றேன். பேன்ட் வழக்கம்போல எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதை மடித்துவிட்டுக்கொள்ள யாருடைய உத்தரவும் தேவையில்லை. இருந்தும் மடிக்கவில்லை.