நான் வெட்டி எறிந்த மூன்று நிமிடம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசக்கூடிய ஒரு வானொலி நிலையம் இருந்தது. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். தமிழுக்குச் சனிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம், பதின்மூன்று வாரத்துக்கு. வாரம் ஒரு விருந்தினரைக் கூப்பிட்டுப் பேசவைப்பதென்று முடிவானது. அதை நடத்தியது இரண்டு பெண்கள். பேட்டி எடுத்தவள் திருச்சியிலிருந்து வந்த ஒரு டாக்டரின் மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள். ஆட்களைத் தேடிப் பிடித்ததும், கேள்விகளை எழுதிக் கொடுத்ததும், பதிவான ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டி அரை மணித்தியாலத்துக்குள் அடக்கியதும் நான்.

யாழ்ப்பாணத்தில் நான் ஆசிரியையாக இருந்தவள். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். ஒலிவாங்கிக்கு முன்னால் நான்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத, நிலையத்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் இரண்டு பேரையும் வாசிக்கவைத்துக் கேட்டாள். "நீங்கள் வாசிப்பது பிள்ளைகளை ஏசுவது போலிருக்கிறது" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மற்றவளைத் தெரிந்தெடுத்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

முதல் விருந்தினர் ஒரு நேர்ஸ். "இந்த நாட்டில் நீங்கள் எதிர்நோக்கிய சிரமங்கள் யாவை?" என்று நான் எழுதியிருந்தேன். "அப்படி ஒரு சிரமமும் இல்லை" என்று அவர் முடித்துவிட்டார். திருச்சிக்காரி கடதாசியைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, ஆஸ்பத்திரி சாப்பாடு எப்படிக்கா இறங்கிச்சு?" என்றாள். அவ்வளவுதான். மிளகாய்த்தூளைச் சின்ன மருந்துப் போத்தலில் போட்டுச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததையும், அதை மேட்ரன் கண்டுபிடித்து இது என்ன மருந்து என்று கேட்டதையும் அந்த மனுஷி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு ட்ராம் கண்டக்டராக வேலை செய்த ஒருவர் வந்தார். சேலையைக் கிழித்துத் திரைச்சீலை தைத்த ஒரு பெண் வந்தார். ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். என் கேள்விக்கு ஒரு வரிப் பதில். அவள் கேள்விக்கு வாழ்க்கை முழுவதும். வந்த கடிதங்கள் எல்லாம் அவள் பெயருக்கே வந்தன. "உங்கட சிநேகிதிக்கு என்ன குரல்!" என்று சனங்கள் என்னிடமே சொன்னார்கள். "ஓம், நல்ல குரல்" என்பேன். வெட்டும்போது அவளுடைய சிரிப்பில் பாதியை எடுத்துவிடுவேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பத்தாவது வாரம் வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "அக்கா, சாரையே கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் அவள். என் கணவர் பாலங்கள் கட்டும் எஞ்சினியர். கதை குறைவு. நான் வருவதற்கு முன் ஒன்பது மாதம் இங்கே தனியே இருந்தவர். பாலங்களைப் பற்றிப் பன்னிரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். அவர் வாயிலிருந்து இவளால் என்னத்தை எடுக்க முடியும் என்று உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

நான் கண்ணாடிக்கு மற்றப் பக்கம், நாடா சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். பாலம் பற்றி அவர் ஒப்பித்தார். நாலாவது கேள்வியோடு அவள் கடதாசியைக் கவிழ்த்தாள்.

"தனியா இருந்தப்போ ஞாயித்துக்கிழமைல என்ன சார் பண்ணுவீங்க?"

அவர் ஒலிவாங்கியின் வயரை ஒருதரம் நேராக்கினார். பிறகு, "எயர்போட்டுக்குப் போவன்" என்றார்.

"யாரையாவது கூட்டிட்டு வரதுக்கா?"

"இல்லை. ஆராவது தமிழ் கதைச்சுக்கொண்டு வருவினமோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பன்."

இரண்டு பஸ் மாறிப் போவாராம். பயணிகள் வெளியே வரும் வாசலில் பின்னேரம்வரை நிற்பாராம். பல மாதம் ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் வந்தது. ஒரு சின்னப்பிள்ளை, "அம்மா, பசிக்குது" என்றது. அவர்களுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம்வரை நடந்தாராம். போய்க் கதைக்கத் துணிவு வரவில்லை. "சப்பாத்துக் கயிறு கட்டுற மாதிரிக் குனிஞ்சு நிண்டனான். கண்ணைத் துடைக்க வேணுமே" என்றார். குரல் உடைந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அவருக்குத் தேவையான அளவு நேரம் இருந்தாள்.

எனக்கு அவர் எழுதிய கடிதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோரில் கூட வேலை செய்பவர்களோடு கிரிக்கெட் விளையாடுவதாக இருந்தது. அந்தக் கடிதங்களை ஊரில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்! ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்குச் சொல்லாததை, அரை மணித்தியாலம் பழகிய ஒருத்திக்கு, ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். அவர் அழுதது என் மனதில் படவே இல்லை. அவளுக்கு முன்னால் அழுதார் என்பதுதான் பட்டது.

போகும்போது அவள், "அக்கா, அந்த ஏர்போர்ட் பகுதிய மட்டும் தொடாதீங்க. மத்தத என்ன வேணும்னாலும் வெட்டுங்க" என்றாள்.

அதை மட்டும்தான் வெட்டினேன். மூன்று நிமிட நாடா. சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். பாலங்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து நானும் அவரும் கேட்டோம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அந்த இடம் வரும் என்று அவர் காத்திருந்தார். நிகழ்ச்சி முடிந்தது.

"அது எங்கை?" என்றார்.

"நேரம் போதேல்லை."

வானொலியை நிற்பாட்டினார். "பரவாயில்லை. சொல்லியிருக்கக் கூடாது. உமக்கு வெக்கமாய் இருந்திருக்கும்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

அன்று இரவே அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாடா அறுந்துவிட்டதென்று பொய் சொன்னேன். "அச்சச்சோ, அப்ப இன்னொரு தடவ பதிவு பண்ணலாம்க்கா" என்றாள். அவர் வர மறுத்துவிட்டார். அடுத்த கிழமை நிலையத்துக்குப் போனதும் அவள் அதே கதையைத் திரும்ப எடுத்தாள், பாவம் சார், பாவம் சார் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. "நாடா அறுகேல்லை. நான்தான் வெட்டினனான்" என்றேன்.

"ஏன்க்கா?"

"நீர் கேட்டு அவர் சொன்னபடியால்."

அவள் முகம் சிவந்தது. அன்று வந்த விருந்தினரை என் கேள்விகள் இல்லாமலே பேட்டி எடுத்தாள். மிச்ச வாரங்களுக்கு வெட்டும் வேலையை நிலையத்தில் ஒருவரிடம் பழகித் தானே செய்தாள். கடைசி நிகழ்ச்சியில் நன்றி சொன்னபோது என் பெயரையும் சொன்னாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கணவருக்குச் சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது. புறநகரான டான்டினோங்குக்குப் போகும் வழியில், அவர் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "வெக்கத்திலை வெட்டேல்லை. அவளிட்டைச் சொன்னது எனக்குப் பொறுக்கேல்லை."

அவர் றோட்டைப் பார்த்தபடியே, "உமக்கும் சேர்த்துத்தானே சொன்னனான். நீர் கண்ணாடிக்கு அங்காலைதானே இருந்தனீர்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. "இப்ப எனக்குச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். பஸ் இலக்கம், வாசல், குடும்பம், கார் நிறுத்துமிடம் எல்லாம் வரிசையாக வந்தன. பிள்ளை பேசியதையும் சொன்னார். ஆனால் ஏதோ அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். குரல் உடையவில்லை. எங்கே என்ன கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் தெரியவில்லை. "பிறகு?" "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "பிறகென்ன, வீட்டை வந்தனான்" என்று முடித்துவிட்டுச் சந்தியில் காரைத் திருப்பினார்.