நல்ல நேரத்தில் மாட்டிய ஸ்கோப்

சுருளிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் கர்வம். அவர் முறுக்கிய திருகு அசையாது.

உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். கிணறுகள் வற்றியதும் குடும்பத்தோடு மதுரைக் காளவாசலுக்கு வந்து, அழகர்கோவில் சாலையில் ஒரு தனியார் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஏர் ரைபிள்களைக் கழற்றி மாட்டும் வேலையில் சேர்ந்தார். அங்கே வரும் பெரிய மனிதர்கள் யாரும் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. ஆனாலும் குறிபார்க்கும் குழலான ஸ்கோப்பை மாட்ட வேண்டுமென்றால் சுருளிதான் வேண்டும்.

ஏர் ரைபிளின் ஸ்பிரிங் ஒவ்வொரு தடவை சுடும்போதும் முன்னும் பின்னும் உதைக்கும். அந்த உதையில் மேலே மாட்டியிருக்கும் ஸ்கோப் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகரும். நகர்ந்தால் குறி போச்சு. அதனால் சுருளி முதலில் ரைபிளின் முதுகிலுள்ள காடியை ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைப்பார். பிறகு ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை வைத்து, திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். கடைசியில் கிளாம்ப்பிலிருந்து ரைபிள் வரை ஒயிட்னரால் ஒரு கோடு. ஸ்கோப் நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"எண்ணெ பட்ட எடத்துல ஸ்கோப்ப மாட்டுறதும் வெலாங்கு மீனக் கையில புடிக்கிறதும் ஒண்ணு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததில்லை.

மகள் சுபலட்சுமிக்கு இருபது வயது. கிளப் கழித்துப்போட்ட ஒரு பழைய ரைபிளைச் சீர்செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார். புது ரைபிள்களில் ஸ்கோப் நகராமல் ஊசி செருகித் தடுக்க ஒரு துளை இருக்கும். இதில் அதுவும் கிடையாது, கிளாம்ப்பின் பிடியை மட்டுமே நம்ப வேண்டும். அதை வைத்தே அவள் கிளப்பில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தாள். அந்த வருஷம் ஸ்கோப் மாட்டிச் சுடும் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு வருஷப் பயிற்சி, தங்குமிடத்தோடு. தாய் சீனியம்மாள் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். ஜெயித்தால் போகலாம், தோற்றால் தை மாதம் தாய்மாமன் மகன் ராஜபாண்டியோடு கல்யாணம். ராஜபாண்டி நல்ல பையன்தான். சுபலட்சுமிக்குத்தான் கல்யாணத்தில் மனசில்லை.

போட்டி விஜயதசமிக்கு மறுநாள். அதற்கென்று சொல்லிவைத்த புது ஸ்கோப் ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. அன்றே மாட்டியிருக்கலாம். நல்ல காரியத்தை விஜயதசமியில் தொடங்கினால் விளங்கும் என்று சுருளி ஒத்திப்போட்டார். பூஜையன்று ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றோடும் ரைபிளையும் வைத்து, வழக்கப்படி தேங்காய் எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காடியிலும் எண்ணெய் ஏறியது.

மறுநாள் காலை நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம்தான் இருந்தது. வீட்டிலிருந்த ஸ்பிரிட் பாட்டில் காலி. கிளப்புக்குப் போய் எடுத்து வருவதற்குள் எமகண்டம் வந்துவிடும். சுருளி யோசித்தார். பிறகு பழைய வேட்டித் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். விரலை வைத்துப் பார்த்தார், காய்ந்த மாதிரித்தான் இருந்தது. கும்பிட்டுவிட்டு மாட்டி, ஒயிட்னரால் கோடும் போட்டார். ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்ன மனுஷன்! அன்று சாயங்காலம் கிளப்பில் இருபது குண்டு சுட்டுப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

போட்டியில் அறுபது குண்டு. முப்பது வரை சுபலட்சுமிதான் முதல். அதற்குப்பின் ஒன்று மேலே போனது, இன்னொன்று பக்கவாட்டில் விலகியது. அவள் மூச்சைப் பிடித்தாள், தோளை மாற்றினாள், கையைத் தொடையில் துடைத்தாள். கோளாறு என்று கை தூக்கினால் போட்டியை நிறுத்தி ஸ்கோப்பைச் சரிபார்க்க விடுவார்கள். அவள் தூக்கவில்லை. கிளாம்ப்பைப் பார்க்கக்கூட இல்லை, அதை மாட்டியது அப்பா அல்லவா! கயிற்றுக்குப் பின்னால் நின்று சுருளி ஒவ்வொரு குண்டையும் எண்ணினார். அவள் ஏழாவதாக வந்தாள்.

ரைபிளைப் பைக்குள் வைக்கும்போது சுருளி கோட்டைப் பார்த்தார். அது இரண்டாகப் பிரிந்து, நடுவே நெல்மணி அளவு இடைவெளி இருந்தது. இப்போது சொல்லி எந்தப் பரிசும் திரும்பாது. ஆனால் பிசகியது அவள் கை இல்லை என்றாவது அவளுக்குத் தெரியவரும். அவளைக் கூப்பிட வாய் திறந்தார். பக்கத்தில் கிளப் ஆட்கள் நின்றார்கள். கட்டைவிரல் நகத்தால் அந்த ஒயிட்னரை இரண்டு பக்கமும் சுரண்டி எடுத்தார்.

வீட்டில் சீனியம்மாள், துப்பாக்கியில் ஏதும் பழுதோ என்று கேட்டாள். சுபலட்சுமி தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அப்பா மாட்டுனது அசையாதும்மா. என் கைதான் சரியில்ல. மாமாவ வரச் சொல்லு."

சுருளி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தையில் கல்யாணம் முடிந்தது. ரைபிளை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அவள் ராஜபாண்டியோடு உசிலம்பட்டிக்குப் போனாள். சுருளி கிளப்பில் ஸ்கோப்பைக் கழற்றி, காடியை ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்து, திரும்ப மாட்டிக் கோடு போட்டார். அதில் இப்போது வேறொரு பெண் சுடுகிறாள். தினமும் சாயங்காலம் சுருளி அந்தக் கோட்டைப் பார்க்கிறார். இம்மிகூட நகரவில்லை.