காலியாக இருக்க வேண்டிய குழாய்

அழகர்சாமி சார் காலமான செய்தியை அவர் மனைவி மீனா அக்கா போனில் சொன்னபோது, நான் ஆய்வகத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். "ஹார்ட்டாக்கா?" என்றேன். "இல்ல ரேவதி, நிமோனியா." அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஈறைக் காத்தால் இதயத்தைக் காக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் மாரடைப்பில் போயிருந்தால் தன்னையே மன்னித்திருக்க மாட்டார்.

சார் மதுரைக்காரர், ஈறு மருத்துவர். புனேத் தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவருக்கு நம் எல்லோருடைய ஈறும் தெரியும். வாகட் பகுதிப் பொங்கல் விழாவில் யாராவது "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டால், "அத நான்ல சொல்லணும், வாயத் தொறங்க" என்பார். கையில் தட்டோடு வாயைத் திறந்து நின்றவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். போபோடியில் நாங்கள் டீ குடிக்கும் கடைக்காரர், சாரைக் கண்டதும் உதட்டை இறுக மூடிக்கொண்டு சைகையிலேயே கிளாஸை நீட்டுவார்.

கழுத்து ரத்தக் குழாயை அடைக்கும் கொழுப்புப் படிவை அறுவை சிகிச்சையில் எடுப்பார்கள். ஈறு நோய்க் கிருமிகள் அதிலும் உண்டா என்று தேடுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. மாதிரிக் குழாய்களைத் திறக்கும் வேலையைச் சார் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். திறந்துகொண்டே பேசுவார். மதுரைப் பரோட்டாவில் தொடங்கி கோந்த்வா டிராஃபிக் வரைக்கும் போகும். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கும். "சர், மாஸ்க்" என்று எங்கள் டெக்னீஷியன் சுனந்தா தாயி (மராத்தியில் தாயி என்றால் அக்கா) நினைவூட்டினால், "மூடிக்கிட்டுப் பேசுனா பேச்சே வராதும்மா" என்பார்.

எல்லா மாதிரிகளிலும் வாய்க் கிருமிகள் கிடைத்தன. சார் எல்லோருக்கும் பாகர்வடி கொடுத்தார், தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொன்னார். மாநாட்டுக்குக் கட்டுரையும் போய்விட்டது. பல வருட உழைப்பு. அப்புறம்தான் நான் காலிக் குழாயைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரோடு ஒரு குழாயையும் சேர்த்துச் சோதிப்போம். அதில் எதுவும் வரக் கூடாது. அதிலும் அதே கிருமிக் கூட்டம். எங்கள் எல்லோருடைய எச்சிலையும் சோதித்தோம். சாருடையது அச்சு அசலாகப் பொருந்தியது.

முடிவைக் காட்டியபோது, தாடைக்குக் கீழே தொங்கிய மாஸ்க்கை மேலே இழுத்து வாயை மூடிக்கொண்டார். நான் பயந்துபோனேன்.

"ஏம்மா, அத்தன பேரு கழுத்துலயும் இருந்தது என் வாயா?"

தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்றேன். "என்ன தொழில்நுட்பம்? நான்தான் பேசுனேன். அப்படியே எழுதுறேன்" என்றார். ஆய்வாளர் பேசிக்கொண்டிருந்ததால் முடிவுகள் செல்லாது என்றே எழுதி அனுப்பினார். மாநாட்டில் எத்தனை பேர் சிரித்தார்களோ தெரியாது. எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

புது மாதிரிகளோடு மறுபடி தொடங்கினோம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திறந்தார். முடித்து வெளியே வந்ததும் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் காவலாளியிடம் கொட்டுவார். இந்த முறை காலிக் குழாய் சுத்தமாக இருந்தது. ஒரு சில நோயாளிகளிடம் மட்டும் கிருமிகள் கிடைத்தன. "கொஞ்சம்தான். ஆனா அவங்களோடது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலிக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். சாருக்குக் கொஞ்சமும் பிடித்திருக்காது.

ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அந்தப் பழைய காலிக் குழாயைச் சுனந்தா தாயி எடுத்துக் காட்டி, தூக்கிப் போடட்டுமா என்று மராத்தியில் கேட்பார். நேற்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். எதுவுமே இருக்கக் கூடாத குழாய் அது. அதில் சார் இருக்கிறார், இன்னும் பேசிக்கொண்டு.