காது மெஷின் பேட்டரியில் ஓடும் கேமரா

"யாருக்கு மேடம், அப்பாவுக்கா?"

தசராவுக்கு முந்தின வாரம், மைசூரில் காது மெஷின் விற்கிற கடையில் இப்படிக் கேட்டாள் அந்தப் பெண். "கேமராவுக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பயந்துபோய் பேட்டரியைக் கொடுத்துவிட்டாள்.

என் ஃபிலிம் கேமரா என்னைவிட மூத்தது. வெளிச்சத்தை அளந்து முள்ளால் காட்டும் மீட்டருக்கு மட்டும் ஒரு குட்டி பேட்டரி வேண்டும். பழைய பேட்டரியில் பாதரசம், அது விஷம் என்று தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். அதற்காக கேமராவைத் தூக்கிப் போடு என்றால்... முடியாது! சாதாரண பட்டன் செல் போட்டால் வோல்டேஜ் கூடிப்போய் முள் பொய் சொல்கிறது. காது மெஷின் பேட்டரிதான் ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஆனால் அதற்குக் காற்று வேண்டும். கேமராவின் அடியில் இருக்கும் பேட்டரி மூடியில் ஊசித் துளை போட்டு வைத்தேன்.

தசரா முடிந்ததும் ஹனூரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. இந்தக் கேமராவில்தான் எடுப்பேன் என்றேன். அக்கா வீட்டுக்காரர் மல்லுக்கு நின்றார்.

"செல்போன்ல எடுத்தா ஆவாதா? அந்த டப்பாவ எதுக்குக் கட்டிட்டு அழுவுற?"

"எடுத்துக் காட்டுறேன் பாருங்க மாமா."

"நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னா ஷோகேஸ்ல வெச்சுப் பூட்டீரோணும். அப்புறம் தொடவே கூடாது, செரியா?"

"சரி!" என்றேன். இந்த வாய் இருக்கிறதே...

வளைகாப்பு அன்று, பெண்ணை மணையில் உட்கார வைத்தார்கள். உறையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால்... முள் அசையவே இல்லை! எதிரே மாமா. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடி மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

"இது யார் வேலை?"

என் வீட்டுக்காரர் அசடு வழிந்தார். "ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாத்துக்கும் வெச்சேன்ல? லென்ஸ்ல பட்டா கெட்டுடும்னு அடியில வெச்சேன். வட்டமா, பொட்டு வைக்கவே செஞ்ச மாதிரி இருந்துச்சு..."

எவ்வளவு அக்கறை பாருங்கள்! சேலையிலிருந்து சேஃப்டி பின்னை உருவித் துளையைக் குடைந்தேன்.

"பூட்டு எடுத்துட்டு வரட்டா?" என்றார் மாமா.

"இருங்க மாமா, கொஞ்சம் மூச்சு விடட்டும்!"

"சித்தி எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் அக்கா மகள். அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. சுற்றி இருந்தவர்கள் வளையலைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முள் நடுங்கியது... எழுந்தது! ரோல் முழுவதையும் எடுத்துத் தீர்த்தேன்.

ஒரு கம்பெனி பேட்டரி செய்வதை நிறுத்தினால் நம் வீட்டுப் பொருள் செத்துவிட்டதாக அர்த்தமா? நன்றாக ஓடுவதைப் பழசு என்று முடிவு செய்ய அவர்கள் யார்?

போன வாரம் பிரின்ட் வந்தது. சேதி கேட்டு மாமா கூப்பிட்டார். "புள்ள ரெண்டு கையையும் தூக்கிட்டுச் சிரிக்கறாளாமே, அந்தப் படத்த வாட்ஸ்அப்ல அனுப்பு அம்மிணி."

"மாட்டேன் மாமா. பஸ் ஏறி மைசூருக்கு வந்து, கையில வாங்கிப் பாருங்க!"