ஞாயிற்றுக்கிழமை ஆப்பம்

அறுபதுகளின் கடைசியில், தை அறுவடை முடிந்த சமயம், என் அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். அவளைச் செல்லிப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். கையில் ஒரு துணிமூட்டை. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. காரணம் கேட்கத் தேவை இருக்கவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மூத்தவள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால் இளையவளை எவன் கேட்டு வருவான் என்பது அப்பாவின் கவலை.

"போயி இரும்மா. அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார்.

அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவன் நிச்சயம் அடி வாங்கியவன் அல்ல.

அக்கா அழவில்லை. "நான் போவ மாட்டம்பா. ஆப்பக் கடை போட்டு என் சோத்த நானே பாத்துக்கறன்" என்றாள்.

அவள் சுடும் ஆப்பம் அப்படி இருக்கும். கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவு, ஓரம் முறுவலாக, நடுவில் பஞ்சாக. அப்பாவுக்கே அது உயிர். ஆனால் அவர் எதிலும் அவசரப்படாத மனிதர். விதை நெல்லைக்கூட ஒரு பாத்தியில் முளைக்க விட்டுப் பார்த்துத்தான் மிச்சத்தை விதைப்பார். மகளையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஆழம் தெரியாம கால வுடக் கூடாது. ஒரு மாசம் ஞாயித்துக்கெழமைல மட்டும் கோயில் வாசல்ல போட்டுப் பாரு. ஓடுச்சின்னா ரோட்டோரம் கொட்டா போட்டுத் தரன், இங்கியே இரு. ஓடலன்னா மறுபேச்சி பேசாம அவன் வூட்டுக்குப் போவணும்."

அக்கா ஒப்புக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

வில்லியனூரைச் சுற்றியிருந்த பல ஊர்களைப் போல எங்களுடையதும் வேதக்கார ஊர்; கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு ஊரே வரும், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும். முதல் ஞாயிறு, கோயிலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் அடுப்பு வைத்தோம். பூசை முடிந்ததுதான் தாமதம், சனம் எங்களை மொய்த்துவிட்டது. "எனக்கு ரெண்டு!" "எம்மா, எனக்குத் தேங்காப்பாலு கொஞ்சம் தாராளமா ஊத்து!" வேட்டி மடிப்புக் கலையாத பெரியவர்கள்கூட நின்றபடியே தின்றார்கள். மாவுப் பானை காலி. அடுத்த ஞாயிறு இரட்டிப்பு மாவு, அதுவும் காலி. மாதம் முழுக்க அப்படித்தான். கோயில் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் பெருமை வழிந்தது. அக்கா சிரித்தாள். திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. கொட்டாய் போட்டுக் கொடுத்தார். பெஞ்சுக்கும் பாத்திரத்துக்கும் அக்கா காதில் கிடந்த கம்மலைக் கழற்றினாள். துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்ட காதோடு திங்கட்கிழமை விடியலில் அடுப்பு மூட்டினாள்.

யாரும் வரவில்லை.

செவ்வாயும் வரவில்லை. ரோட்டில் ஆட்கள் போனார்கள். மண்வெட்டியும் அரிவாளுமாகப் போனார்கள். "இன்னா, கடை போட்டுட்டியா? நல்லா இரு" என்று வாழ்த்திவிட்டும் போனார்கள். எல்லாரும் வீட்டில் பழையது குடித்துவிட்டு வந்தவர்கள். வேலை நாளில் கடையில் தின்றால் "ஏன், வூட்ல ஒலை வெக்கலியா?" என்று அவர்கள் பெண்டாட்டிமாரைத்தான் ஊர் கேட்கும். கள் ஊற்றிய மாவு உச்சி வேளைக்கு மேல் தாங்காது. நானும் அக்காவும் இடுப்பொடிய ஆட்டிய மாவைத் தினமும் மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். நான் கொட்டும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஞாயிறு மட்டும் வழக்கம் போல அள்ளிக்கொண்டு போனது. ஞாயிறு மட்டும் போட்டால் போதாதா என்று அப்பாவிடம் சண்டைக்கே நின்றேன்.

"ஒரு நாளு ஆப்பம் ஏழு நாளு வயித்த ரொப்புமாடி?" என்றார்.

ஒருநாள் ஆறிப்போன அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அக்காதான் சொன்னாள். "நாம பாத்த பார்வையே தப்புடி. ஞாயித்துக்கெழமைல அவங்க என் ஆப்பத்துக்கா வந்தாங்க? நன்மை வாங்கறதுக்காக நடுராத்திரிலேர்ந்து பட்டினி கெடக்கறாங்க. அன்னிக்கு மண்ண உருட்டி வெச்சிருந்தாலும் துன்னுட்டுப் போயிருப்பாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நாங்களும் அதே பட்டினியோடுதான் அந்தப் பூசையில் முழங்கால் போட்டிருந்தோம். ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதும் என்று ரோமாபுரி சட்டத்தைத் தளர்த்தியிருந்தும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. நன்மை வாங்கும் நாளில் பச்சைத் தண்ணீரையும் பல்லில் பட விடாதவர்கள் அவர்கள். இது எங்களில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லையே! எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் அப்பாவின் மண்டையிலும் ஏறவில்லை.

"இன்னும் ஒரு மாசம் குடுப்பா" என்று அக்கா கெஞ்சினாள். ரோட்டில் போகிறவர்களின் வழக்கம் மெல்ல மாறும், வெளியூர் வண்டிக்காரர்கள் நிற்பார்கள் என்று என்னென்னவோ சொன்னாள்.

"பேச்சின்னா பேச்சிதான்" என்றார் அப்பா.

ஆப்பச் சட்டியைத் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள். "அங்க சுட்டுக் குடுத்தா ஒருவேள மனசு மாறுவாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த வாரமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஆள் வந்து சொன்னான், கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று. 'தவறி' என்று சொல்லும்போது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் அவளுக்காகப் பூசை வைத்தோம். ஒரு புதன்கிழமை. அம்மா பிடிவாதமாக அதே பூவரச மரத்தடியில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டாள். வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பதற்கு. அக்காவுக்காக எல்லாரும் நன்மை வாங்கினார்கள், பட்டினியோடு வெளியே வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார்கள். "பெரியவ கைப்பக்குவம் அப்பிடியே இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். அன்று வேலை நாள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்பா கடைசியாக வந்தார். மெலிந்து போயிருந்தார். "எனக்கு ஒண்ணு இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் வித்துப் போச்சிப்பா" என்று வேண்டுமென்றே சொன்னேன்.

அவர் காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை.