வாயில் திணித்த முந்தானை

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கிணற்றுப் படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்த பெண்ணை எரியோடு கிராமத்திலிருந்து கொண்டுவந்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக் கிடந்தாள். ஆண்கள் முன்னால் கூச்சம் என்றே நினைத்தேன்.

"வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

வெற்றிலையை மென்றபடி புருஷன் முந்திக்கொண்டான்: "அவளுக்கென்ன சார், எம்புட்டு வலின்னாலும் தாங்கிக்கிருவா."

டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் குனிந்து கேட்டேன். வாய்க்குள்ளிருந்து முந்தானையை இழுத்தாள். கடித்துக் கடித்துக் கந்தலாகியிருந்தது.

"உசிரு போகுது தாயி."

டாக்டரை இழுத்துவந்து வலிக்கு ஊசி எழுதவைத்தேன். ஊசி போட்டதும் என் கையைப் பிடித்தாள்.

"வலிக்குதுன்னு சொன்னத அவருட்ட சொல்லிராதீக."

இன்றும் எவனாவது பெண்டாட்டியைப் பொறுமைசாலி என்று மெச்சினால், அந்த எச்சில் துணிதான் கண்முன் வருகிறது.